உயிரின முழுமைச் சுட்டெண்: ஆற்றின் நலத்தை மீனைக் கொண்டு அளப்பது

ஆற்றுச் சூழல் பற்றிய அறிக்கைகளில் ‘இண்டெக்ஸ் ஆஃப் பயாட்டிக் இண்டெக்ரிட்டி’ என்றொரு தொடர் அடிக்கடி வரும். ஐ.பி.ஐ. என்று சுருக்கி எழுதுவார்கள். ஓர் ஓடையில் வாழும் மீன்களைப் பிடித்து, இனம் பிரித்து, எண்ணி, அந்த ஓடையில் இயல்பாக இருந்திருக்க வேண்டிய மீன்களோடு ஒப்பிட்டு, நீர்நிலையின் நலத்தை ஒரே எண்ணில் சொல்லும் முறைக்கு அந்தப் பெயர். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உயிரியல் நேர்மைக் குறியீடு’ என்றுதான் வரும். மீன்கள் லஞ்சம் வாங்காத ஆறு என்று யாராவது பொருள் கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மலேசியாவில் அந்தக் குழப்பம் இன்னும் எளிது. 2004-இல் தேசிய நேர்மைத் திட்டம் வந்ததிலிருந்து ‘இன்டெக்ரிட்டி’ என்றால் ஊழல் ஒழிப்பு என்றே நம் காதில் விழுகிறது. ஆனால் சொல்லின் வேர் வேறு பக்கம் போகிறது. லத்தீனில் ‘இன்டெகர்’ என்பதன் முதல் பாதி எதிர்மறை; பின் பாதி ‘தொடுதல்’ என்னும் வினையின் வேர். கை படாதது, எனவே குறைவுபடாதது என்பது பழம்பொருள். மனிதனின் குணத்துக்கு ஆகி வந்தபோது அது நேர்மை ஆயிற்று. நாட்டின் எல்லைக்கு ஆகி வந்தபோது ஒருமைப்பாடு ஆயிற்று. கணிதத்தில் வழங்கும் ‘இன்டிஜர்’ அதே லத்தீன் சொல்தான். அதைத் தமிழாக்கியவர்கள் ‘முழு’ என்னும் சொல்லைக் கொண்டே முழு எண், முழுக்கள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல தேர்வு. ஆற்றுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம்: முழுமை.

சட்டத்திலும் இச்சொல் அந்தப் பொருளில்தான் நுழைந்தது. அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டு தூய நீர்ச் சட்டம், நாட்டின் நீர்நிலைகளின் வேதியியல், இயற்பியல், உயிரியல் முழுமையை மீட்டுக் காப்பதே தன் நோக்கம் என்கிறது. முதல் இரண்டையும் அளக்கக் கருவிகள் இருந்தன. மூன்றாவதைச் சட்டத்தில் எழுதிவிட்டார்களே தவிர, எப்படி அளப்பது என்று கேட்டால் கையில் அளவுகோல் இல்லை. அந்த அளவுகோலை 1981-இல் ஜேம்ஸ் கார் என்னும் சூழலியலாளர் முன்வைத்தார். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு நடுவே ஓடும் சிற்றோடைகளில் அவர் வேலை செய்துவந்தார். பயிர்நிலத்து ஓடையில் பிறந்த முறை என்பதால் தோட்டப்புறத்து வாசகர்களான நமக்கு அது அவ்வளவு அந்நியமும் இல்லை.

அடுத்து, இண்டெக்ஸ். விலைவாசிக் கணக்கில் ‘குறியீட்டெண்’ என்று வழங்குகிறது. புகைமூட்டக் காலத்தில் நம் ஏடுகளில் ‘காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு’ நாள்தோறும் வரும். தவறில்லை. ஆனால் ‘குறியீடு’ என்றால் அடையாளம், சங்கேதம், கவிதையில் வரும் படிமம் என்று பல பொருள் கிளம்பும். லத்தீனில் இண்டெக்ஸ் என்பது சுட்டுவிரல். காட்டிக்கொடுப்பவனுக்கும் அதே பெயர். நம்மிடம் சுட்டு என்னும் சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது: அ, இ, உ என்று சுட்டெழுத்துகள், பிறகு சுட்டுவிரல். எண்ணால் சுட்டுவதைச் சுட்டெண் என்பது சொல்லிலும் பொருளிலும் பொருந்தும். ‘பயாட்டிக்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயிரியல் என்பது பாடத்தின் பெயர். இங்கே பேசப்படுவது உயிரினங்கள். ஆகவே உயிரின முழுமைச் சுட்டெண்.

இன்னொரு சொல்லும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, அதில்தான் சரக்கு அதிகம். ‘ஃபிஷ் கம்யூனிட்டி’ என்பதை மீன் கூட்டம் என்று பெயர்ப்பது பொருந்தாது. கூட்டம் என்றால் ஒரே இனத்து மீன்கள் சேர்ந்து நீந்துவது. கம்யூனிட்டி என்பது ஓரிடத்தில் வாழும் எல்லா மீன் இனங்களும், அவற்றுக்கிடையே உள்ள உறவும். பழைய ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். பால் வெட்டுபவர், ஆட்களை மேய்க்கும் தண்டல், கணக்கெழுதும் கிராணி, ஆயாக் கொட்டகை ஆயா, மருந்துக்காரர், கோயில் பூசாரி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று ஆளுக்கொரு வேலை. ஒருவர் வேலை நின்றால் மற்றவர் பாடு ஆட்டம் காணும். தலைகளை மட்டும் எண்ணினால் அது தெரியாது. மீன் சமூகமும் அப்படித்தான். பூச்சி தின்னும் மீன், பாசி சுரண்டும் மீன், கிடைத்ததையெல்லாம் தின்னும் மீன், மற்ற மீன்களையே தின்னும் மீன் என்று வேலைப் பிரிவினை இருக்கிறது. எந்தப் பிரிவு ஆளில்லாமல் போயிற்று என்பதைப் பார்ப்பதே இந்தச் சுட்டெண்ணின் சூட்சுமம்.

கார் வகுத்த முறையில் 12 அளவீடுகள் உண்டு. மொத்தம் எத்தனை இனங்கள், மாசைத் தாங்காத இனங்கள் எத்தனை, அனைத்துண்ணிகளின் பங்கு, பூச்சியுண்ணிகளின் பங்கு, மீனுண்ணிகளின் பங்கு, பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை, கலப்பினங்கள், நோயோ ஊனமோ உள்ள மீன்கள் என்று போகும் பட்டியல். எதிர்பார்த்த நிலைக்கு அருகில் இருந்தால் 5, ஓரளவு விலகியிருந்தால் 3, வெகுவாக விலகியிருந்தால் 1. ஆகவே மிகக் குறைந்த மதிப்பெண் 12, உச்சம் 60. எவ்வளவு தேடியும் மீனே அகப்படாத ஓடைக்கு எண்ணே கிடையாது. ‘மீன் இல்லை’ என்று தனி வகுப்பு.

இதில் கவனிக்க வேண்டியது அனைத்துண்ணிகள். அவை கூடினால் மதிப்பெண் குறையும். பூச்சிகள் அற்றுப்போன ஓடையில் பூச்சியுண்ணி பட்டினி கிடக்கும், அனைத்துண்ணி எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும். மீன் நிறைய இருக்கிறது, ஆகவே தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பாலத்தின் மேல் நின்று சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை.

பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொள்வோம். ஊரின் பெயரே நத்தை ஆறு. ஆற்றை அதில் வாழ்ந்த உயிரைக் கொண்டு அடையாளம் சொல்லும் பழக்கம் இங்கே எந்த ஆய்வாளரும் வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது. முதலில் பால்மரம், பிறகு செம்பனை என்று தோட்டங்கள் சூழ்ந்த ஊர். காலைச் சந்தையில் மீன் விற்பவரின் பேசினுக்கு முன் சிறிது நேரம் நின்றால் ஒன்று கண்ணில் படும். விரல்கடை ஆழத் தண்ணீரில் நெருக்கியடித்துக் கிடக்கும் கெலி என்னும் கெளுத்தி மீன்கள் ஒவ்வொன்றாக மூக்கை மேலே நீட்டி, வாய் நிறையக் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். பக்கத்துப் பேசினில் ஹருவான், அதாவது நம் விரால், அதையே செய்யும். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் புண் ஆற வேண்டுமென்று வாங்கிப்போவது இந்த ஹருவானைத்தான். பனையேறிக் கெண்டைக்கு இங்கே புயூ என்று பெயர். அதுவும் இதே சாதி. செவுளோடு சேர்த்துக் காற்றை நேரே பயன்படுத்தும் உறுப்பும் இம்மீன்களுக்கு உண்டு. தண்ணீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) வற்றினாலும் சாகா. ஓடையில் இவை மட்டுமே மிஞ்சியிருந்தால் அது நல்ல செய்தி ஆகாது.

இன்னும் இரண்டு மீன்கள் மிஞ்சும், இரண்டும் வந்தேறிகள். ஒன்று திலாப்பியா. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றொன்று தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி. தொட்டியின் பாசியைச் சுரண்டித் துப்புரவு செய்வதால் மலாய்க்காரர்கள் அதற்கு ‘இக்கான் பண்டாராயா’, மாநகராட்சி மீன், என்று பெயர் வைத்தார்கள். நகைச்சுவை உணர்வுள்ள பெயர். வளர்த்துச் சலித்தவர்கள் ஆற்றில் விட்டுவிட, இப்போது நகரத்துச் சாக்கடை கலக்கும் ஆறுகளில் வலை போட்டால் முதலில் ஏறுவது அதுதான்.

இவற்றுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கெலா, தெங்காஸ், செபாராவ். ஓட்டம் வேண்டும், கல்லும் மணலும் நிறைந்த படுகை வேண்டும். கெலா கரையோரக் காட்டு மரங்களிலிருந்து நீரில் விழும் பழங்களையும் தின்னும்; கரையில் மரம் போனால் அதன் சோற்றுப்பானை கவிழ்ந்தது. கல்லிடுக்கில் ஒட்டி வாழும் அயிரை வகைச் சிறுமீன்கள் அதைவிட நுட்பமானவை. மேட்டில் நிலம் திருத்தும்போது மழையோடு இறங்கும் சேறு கற்களுக்கு இடையிலுள்ள இண்டு இடுக்கை அடைத்துவிடும். தண்ணீர் மறுநாளே தெளிந்துவிடலாம். அயிரைக்கு ஒளியவும் முட்டையிடவும் இடமில்லாமல் போனது போனதுதான். சங்கப் பாடல்களில் அயிரையும் ஆரலும் வாளையும் வராலும் பேர் சொல்லி வருகின்றன. மீனை வெறும் ‘மீன்’ என்று சொல்லிவிட்டுப் போகாத அந்தக் கண் ஆய்வாளருக்கும் வேண்டும்.

மலேசியாவில் ஆற்றுக்கு மதிப்பெண் போடும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரச் சுட்டெண் ஆறு பொருள்களைக் கணக்கில் எடுக்கிறது: கரைந்துள்ள உயிர்வளி, உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கச் செலவிடும் உயிர்வளி), வேதியியல் உயிர்வளித் தேவை (வேதிமுறையில் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வளி), அம்மோனிய நைட்ரஜன், மிதக்கும் திண்மங்கள், அமில காரத் தன்மை. 81-உம் அதற்கு மேலும் தூய்மை, 60 முதல் 80 வரை சற்றே தூய்மைக்கேடு, அதற்கும் கீழே தூய்மைக்கேடு. தோட்டப்புறத்துக்கு இது பெரும் பயன் தந்த அளவீடு. ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும், உறைய வைக்கப் போடும் அமிலமும், செம்பனை எண்ணெய் ஆலையின் பழுப்புக் கழிவுநீரும் இந்த ஆறு பொருள்களில் ஏதாவது ஒன்றில் தலைகாட்டிவிடும். 1977-இல் எண்ணெய் ஆலைகளுக்கு விதிமுறை வந்தபோது, கழிவுநீரின் உயிர்வேதியியல் உயிர்வளித் தேவைக்கு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பு படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆயிற்று. எண் இருந்ததால் இறக்க முடிந்தது.

ஆனால் அந்த ஆறு பொருள்களும் அந்த நொடியின் தண்ணீரைப் பற்றியவை. காலை பத்து மணிக்குப் புட்டியில் பிடித்த நீர், நேற்று இரவு மழையோடு மழையாக யாரோ திறந்துவிட்ட கழிவுநீர்க் குளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மீன் அங்கேயே கிடந்து அனுபவிக்கிறது. பல ஆண்டுகள் வாழ்கிறது. தடுப்பணை, வெட்டி நேராக்கப்பட்ட வாய்க்கால், நிழல் போனதால் சூடேறிய நீர் என எந்த வேதிப் பரிசோதனையிலும் அகப்படாத கேடுகள் மீன் பட்டியலில் அகப்படும். ஐந்து மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்குக் கரையோரம் ஐந்து மீட்டர் ஒதுக்கி விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. செம்பனை மட்டை ஓடைக்கு மேலேயே தொங்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மீனை எப்படிப் பிடிப்பது? ஓடையின் ஒரு துண்டை இரு முனையிலும் வலை கட்டி அடைத்து, முதுகில் மின்கலப் பெட்டியைச் சுமந்தபடி நீரில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். மீன்கள் சற்று நேரம் மயங்கும். கைவலையால் அள்ளி வாளியில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். துடுப்பின் ஓரம் அரித்திருக்கிறதா, செதிலுக்கடியில் புண் உண்டா, முதுகெலும்பு வளைந்திருக்கிறதா, செவுளில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு உயிரோடு திரும்ப விடுவார்கள். திருட்டுத்தனமாகக் கரண்ட் வைத்து மீன் பிடிப்பது வேறு, இது வேறு. அனுமதி பெற்றுப் பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே செய்யவேண்டியது. கருவி ஒன்றுபோல் தெரிவதால் ஊரார் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கார் எழுதிய பட்டியலை அப்படியே எடுத்துவந்து இங்கே பயன்படுத்த முடியாது. வட அமெரிக்காவுக்கே உரிய டார்ட்டர், சன்ஃபிஷ் ஆகிய மீன்களை எண்ணச் சொல்லும் வரிகள் அதில் உண்டு. பேராவின் எந்த ஓடையிலும் அவை கிடையா. எங்கே கொண்டுபோனாலும் இடத்துக்கு ஏற்ப அளவீடுகளை மாற்றித் தைக்க வேண்டும். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் கான், ஷிப்ரா ஆறுகளுக்கு அப்படி மாற்றியமைத்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டகத்தில் மீன்களையும் ஆற்றின் தரத்தைத் தீர்மானிக்கும் கூறாகவே சேர்த்தது.

தைப்பதில் கடினமான இடம் ‘எதிர்பார்க்கும் நிலை’. 5 மதிப்பெண் எதற்கு நெருக்கமாக இருந்தால்? ஆங்கிலத்தில் ‘ரெஃபரன்ஸ் சைட்’ என்பார்கள். ஒப்பீட்டு ஓடை என்று நான் எழுதுவேன், ‘மேற்கோள் தளம்’ என்று எழுதினால் நூலகம் நினைவுக்கு வரும். மனிதக் கை அதிகம் படாத, அதே அளவும் அதே சரிவும் உள்ள ஓடையாக அது இருக்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டியும் காட்டை அழித்து ரப்பர் நட்டும் நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சமவெளியில் அப்படி ஓர் ஓடையைத் தேடிப் பயனில்லை. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே, பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் தெமியார் பழங்குடி மக்கள் வாழும் காட்டுப் பக்கம் போனால் ஓடைகள் உண்டு. ஆனால் அவை மலையோடைகள். மலையோடையில் இல்லாத மீனைச் சமவெளி ஓடையில் எதிர்பாராமல் விடுவதும், அங்கே இருப்பதை இங்கே இல்லை என்று குறை எண்ணுவதும் கணக்கைக் கெடுக்கும். பழைய அருங்காட்சியகச் சேகரிப்புகளையும், ஆற்றங்கரையில் வளர்ந்த முதியவர்கள் பெயர் சொல்லும் மீன்களையும் வைத்துத்தான் சமவெளிக்கான பட்டியலை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. முதியவர்கள் மலாய்ப் பெயரும் தமிழ்ப் பெயரும் கலந்து சொல்வார்கள். ஒரே மீனுக்கு இரண்டு பெயர் சொல்லி இரண்டாக எண்ணிவிடாமல், கையில் மீனின் படத்தோடு போய்க் கேட்பது நல்லது.