யார்க் மதிலில் கை வைக்க யாரிடம் கேட்க வேண்டும்?

இங்கிலாந்தின் யார்க் நகரில் ‘பார்’ என்றால் கோட்டை வாசல், ‘கேட்’ என்றால் தெரு. இரண்டாவது சொல் வைக்கிங்குகள், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், விட்டுப்போனது. பெயர்க் குழப்பம் இருக்கட்டும். மிக்கிள்கேட் பார், மாங்க் பார் போன்ற வாசல்களும், அவற்றை இணைக்கும் சுமார் 3.4 கிலோமீட்டர் மதிலும் சட்டப்படி ‘ஷெட்யூல்டு மான்யுமென்ட்’, அதாவது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.

இதற்கு அடிப்படை 1979-ஆம் ஆண்டுச் சட்டம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு பரிந்துரைக்கும், பண்பாட்டுத் துறை அமைச்சர் பட்டியலில் சேர்ப்பார். சேர்த்துவிட்டால் இடிப்பது மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் அந்த அமைச்சரின் முன் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசினாலும் குற்றம்தான். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

மதிலின் உரிமையாளரான நகராட்சிக்கும் இதே விதிதான். அது நியாயம் என்றே படுகிறது: 1800 வாக்கில் மதிலை இடித்துத் தள்ளப் பார்த்ததே அந்த நகராட்சிதான். எதிர்ப்பு கிளம்பியதால் மதில் தப்பியது. ஆனால் வாசல்களுக்கு முன்னால் நீட்டிக் கட்டியிருந்த காவல் அரண்களில் வாம்கேட் பாரில் உள்ளது மட்டுமே மிஞ்சியது.

ஊரின் பெரிய தேவாலயமான யார்க் மின்ஸ்டரும் இந்தப் பட்டியலில் இருக்கும் என்று தோன்றும். இல்லை. வழிபாடு நடக்கும் கோயிலையும், ஆள் குடியிருக்கும் வீட்டையும் இந்தச் சட்டம் தொடாது. அவற்றுக்கு ‘லிஸ்டட் பில்டிங்’ என்ற வேறு ஏற்பாடு உண்டு. மின்ஸ்டர் அதில் முதல் தரம். நகர மதில் இரண்டிலுமே இருக்கிறது.

யார்க்கின் உண்மையான புதையல் மண்ணுக்கடியில்தான். ஈரம் நிறைந்த, காற்றுப் புகாத மண் என்பதால் மரமும் தோலும்கூட மக்காமல் கிடைக்கின்றன. 1972-இல் ஒரு வங்கிக் கட்டட வேலையின்போது வைக்கிங் காலத்து மனிதர் ஒருவரின் மலம் முழுசாகக் கிடைத்தது. அதை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்! மண்ணுக்கடியில் உள்ள இத்தகைய எச்சங்களுக்காக நகரின் நடுப்பகுதி ‘தொல்லியல் முக்கியத்துவப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் இப்படி ஐந்து நகரங்கள்தான்: கேன்டர்பரி, செஸ்டர், எக்ஸிட்டர், ஹெர்ஃபர்ட், யார்க். அங்கே மண்ணைத் தோண்டும் வேலை என்றால் 6 வாரம் முன்பே நகராட்சிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் தொல்லியலாளர்கள் நான்கரை மாதம் வரை அகழலாம். இன்று பெரும்பாலும் கட்டட அனுமதியின் நிபந்தனைகளிலேயே இந்த வேலை முடிந்துவிடுகிறது.

அப்புறம், நாணயம் தேடி மெட்டல் டிடெக்டரோடு கிளம்புபவர்களுக்கு: பாதுகாக்கப்பட்ட இடத்தில் உரிமம் இல்லாமல் அதைப் பயன்படுத்துவதே குற்றம், எதுவும் கிடைக்காவிட்டாலும். சின்னத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை.

இந்தச் சட்டத்தில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. கெடுக்காதே என்கிறதே தவிர, பராமரித்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. பட்டியலில் இருப்பதால் பொதுமக்கள் உள்ளே போகும் உரிமையும் வந்துவிடாது. யார்க் மதில்மேல் நடப்பதற்குக் காசு கேட்பதில்லை என்பது அந்த ஊரின் வழக்கம். ஓர் இடம் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் உள்ள இங்கிலாந்தின் தேசிய மரபுப் பட்டியலில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.