324ஆம் அறை எந்தப் பக்கம்? ஜெர்மனிக்குப் போகும் நர்ஸ்களுக்கு

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பது என் தொழில். பாடப்புத்தகம் வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும். வோன்ட்ஸிம்மர் கூடம், ஷ்லாஃப்ட்ஸிம்மர் படுக்கையறை, க்யூஷெ சமையலறை. எல்லாரும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் வார்டில் நின்றுகொண்டு படுக்கையறை எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள்?

அங்கே தேவைப்படுவது இந்தக் கேள்வி: ‘என்ட்ஷுல்டிகுங், வோ இஸ்ட் டீ உம்க்லைடெ?’ மன்னிக்கவும், உடை மாற்றும் அறை எங்கே? உம்க்லைடெக்குப் பதில் நோட்டௌஃப்னாமெ என்று போட்டால் அவசர சிகிச்சைப் பிரிவு. கதவில் எழுதியிருக்கும் சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மிரள வேண்டாம், கடைசித் துண்டைப் பாருங்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் அதன் பாலைக் காட்டும் ஒரு சின்னச் சொல் வரும். ரௌம், ஸால் என்று முடிந்தால் அது ‘டெர்’. ட்ஸிம்மர் என்று முடிந்தால் ‘டாஸ்’. அப்படித்தான் பிரசவ அறை டெர் க்ரைஸ்ஸால், நர்ஸ்கள் உட்காரும் அறை டாஸ் டீன்ஸ்ட்ஸிம்மர்.

அறைப் பெயர்களைவிட எனக்குக் கவலை தருவது அறை எண்கள்தான். ஜெர்மனில் ஒன்றாம் இலக்கம் முந்திக்கொள்ளும். 24 என்பது ‘ஃபியர்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஷ்’, அதாவது நாலும் இருபதும். 42 என்பது ‘ட்ஸ்வை-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்’. நாமோ இருபத்து நாலு என்று இருபதை முதலில் கேட்டே வளர்ந்தவர்கள். ‘ட்ரைஹுண்டர்ட்’ வரை கேட்டு 3 எழுதிவிட்டு, அடுத்துக் காதில் விழும் ‘ஃபியரை’ப் பக்கத்திலேயே எழுதினால் 324 சீட்டில் 342 ஆகிவிடும். ஊசியோடு வேறொரு நோயாளியின் அறைக்குள் நுழைய அது போதும்.

அதனால் எண் முழுதும் காதில் விழும் வரை பேனாவைத் தாளில் வைக்காதீர்கள். பிறகு இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘ட்ரை, ட்ஸ்வோ, ஃபியர்?’ ட்ஸ்வை என்பதும் ட்ரை என்பதும் போனில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஜெர்மானியர்களே 2க்கு ட்ஸ்வோ என்பார்கள். நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கும் வேலை எப்படியும் உண்டு. அதை இதற்காக விட்டுவிடக் கூடாது.

மாடிக் கணக்கில் சிக்கல் இல்லை. நம்மைப் போலவே தரைத்தளத்துக்குத் தனிப்பெயர், ஏர்ட்கெஷோஸ். லிஃப்டில் ‘ஈ’ எழுத்தோ ‘0’வோ இருக்கும். அதற்கு மேலேதான் முதல் மாடி.

அப்புறம் இரண்டு கதவுகள். ஒன்றில் ‘ரைன்’, மற்றதில் ‘உன்ரைன்’ என்று இருக்கும். முதலாவதில் சுத்தமான பொருட்கள். இரண்டாவதில் பயன்படுத்திய பெட்பேன், அழுக்குத் துணி. அவசரத்தில் அந்த ‘உன்’ கண்ணில் படாது. கையில் கழுவாத பெட்பேனோடு சுத்த அறைக்குள் போனால் தொற்றுதான் மிச்சம். வேலையில் சேர்ந்த அன்றே சீனியரிடம் கேட்டுவிடுங்கள்: ‘க்யோனன் ஸீ மியர் பிட்டெ டீ ரொய்மெ ட்ஸைகன்?’ அறைகளைக் காட்ட முடியுமா என்று. புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.