ஒட்டகத்தின் மூக்கும் ஆய்வகத்தின் காற்றும்

வளைகுடா நாடுகளில் கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்களை வடிவமைக்கும் குழுக்களில் கட்டடக்கலைஞராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். புதிய வளாகம் ஒன்றைப் பற்றிய முதல் கூட்டத்தில் திரையில் முதலில் தோன்றுவது பெரும்பாலும் கூரையின் படமாகவே இருக்கும். மணற்குன்றின் வளைவோ, பேரீச்சை ஓலையின் விரிவோ, வல்லூறின் சிறகோ அந்தக் கூரைக்கு வடிவம் தந்திருக்கும். ‘இயற்கையிடம் கற்ற வடிவம்’ என்று படத்தின் கீழே எழுதியிருப்பார்கள். அழகாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மணற்குன்றை வளைத்தது காற்று; வெயிலைத் தடுப்பதற்காக அது அப்படி வளையவில்லை. அந்த வளைவைக் கண்ணாடியிலும் அலுமினியத்திலும் எழுப்பிவிட்டு, உள்ளே சேரும் வெப்பத்தை வெளியேற்ற ஆண்டு முழுவதும் சில்லர் என்னும் பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை ஓட்டுவதை இயற்கையிடம் கற்றதாக நான் ஏற்பதில்லை. பாலையில் வாழும் உயிர்கள் வெயிலையும் காற்றையும் நீரையும் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்து, அந்தச் செயல்முறையைக் கட்டடத்துக்குள் கொண்டுவர வேண்டும். உருவம் அதன் பிறகு தானாக வரும்.

முதலில் நிழல். அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதையொட்டிய மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலையில் சகுவாரோ என்னும் பெருங்கள்ளி வளர்கிறது. அதன் தண்டு மேலிருந்து கீழ்வரை மடிப்பு மடிப்பாக இருக்கும். மழைக்காலத்தில் நீரை உறிஞ்சும்போது மடிப்புகள் விரியும்; வறட்சியில் சுருங்கும். அதோடு, ஒரு மடிப்பின் நிழல் அடுத்த மடிப்பின்மேல் விழுவதால், பகலின் எந்த நேரத்திலும் தண்டின் முழுப்பரப்பும் வெயிலில் காய்வதில்லை. தன் உடம்பால் தனக்கே நிழல் செய்துகொள்ளும் இந்த முறையைச் சுவரில் செய்து காட்டுவது கடினமன்று. சன்னலை ஓர் அடி உள்ளே தள்ளி வைத்தாலோ, சுவரில் செங்குத்துப் பலகைகளை நிறுத்தினாலோ அதே வேலை நடந்துவிடும்.

அதே பாலையிலுள்ள டூசான் நகரில், அரிசோனா பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல், இயற்கை வளத் துறைகளுக்காக 2015-இல் திறந்த ஐந்து மாடிக் கட்டடம் வேறொரு இயற்கை அமைப்பிடம் கற்றுக்கொண்டது. மணற்பாறையை வெள்ளநீர் அறுத்துச் சென்றதால் உண்டான ஒடுங்கிய மலைப்பிளவுகள் அரிசோனா மாநிலத்தில் உண்டு. அவற்றின் அடித்தளத்தில் வெயில் நண்பகலில் சிறிது நேரம் மட்டுமே விழும். மற்ற நேரமெல்லாம் நிழல்தான். கட்டடத்தின் நடுவே அத்தகைய வளைந்த பிளவு ஒன்றை விட்டு, நடைவழிகளையும் மேல்தளத் திண்ணைகளையும் அந்தப் பிளவை நோக்கித் திறந்து வைத்திருக்கிறார்கள். மழைநீர் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து செடிகளுக்குப் போகிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதில் முதலில் கவனிப்பது நடைவழிகளைத்தான். ஒரு கல்விக் கட்டடத்தின் தளப்பரப்பில் கணிசமான பகுதி தாழ்வாரமும் படிக்கட்டுமாகவே போய்விடுகிறது. மாணவர் ஐந்து நிமிடம் நடந்து கடக்கும் அந்த இடத்தை வகுப்பறைக்கு இணையாகக் குளிரூட்டுவதை நிறுத்தி, நிழலும் காற்றோட்டமும் போதும் என்று முடிவு செய்தாலே, வாங்க வேண்டிய இயந்திரத்தின் அளவு குறைந்துவிடுகிறது.

வளைகுடாவில் சூரியன் நடக்கும் பாதை நம் கணக்கை இன்னும் கூர்மையாக்குகிறது. அபுதாபி கடகரேகைக்குச் சற்று வடக்கே இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட 89 பாகையில், அதாவது உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். அப்போது தெற்குச் சுவரில் வெயில் ஏறக்குறைய விழுவதே இல்லை. கூரைதான் முழு வெப்பத்தையும் வாங்குகிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து வரும்போது கிழக்கு, மேற்குச் சுவர்கள் நேர்க்கதிரை வாங்குகின்றன. அங்கே மேலே நீட்டும் சன்ஷேடால் பயனில்லை. ஆகவே கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி வைத்து, வகுப்பறைச் சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் திறந்து, மேற்கில் படிக்கட்டு, கழிப்பறை, மின்கருவி அறை போன்றவற்றை அடுக்குவது பழைய பாடம். மனையின் முகப்புச் சாலை மேற்கில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பாடத்தைக் கைவிட்டு, மேற்கு முழுவதையும் கண்ணாடியாக்கிய வரைபடங்களைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

சவுதி அரேபியாவில், செங்கடலோரத்தில் துவால் என்னும் ஊரில் 2009-இல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கூரையைச் சரியாகப் புரிந்துகொண்ட வளாகம். எச்.ஓ.கே. நிறுவனம் வடிவமைத்த அதில், பல கட்டடங்களுக்கு மேலாக, பாலையில் நாடோடிகளாக வாழ்ந்த பெதூயின் மக்களின் கூடாரத்தைப்போல ஒரே பெருங்கூரை விரிகிறது. கட்டடங்களுக்கு இடையேயுள்ள வழிகள் பழைய அரபு நகரத்துக் கடைத்தெருவைப்போல நெருங்கியும் நிழலோடும் இருக்கின்றன. கூரைமேல் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. வெயிலில் சூடாகும் இரண்டு கோபுரங்கள் உள்ளிருக்கும் காற்றை மேலே இழுப்பதால், கீழே நடைவழியில் மெல்லிய காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அபுதாபியில் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைத்து 2010-இல் திறக்கப்பட்ட மஸ்தார் கல்வி நிறுவனத்தின் முற்றத்தில், உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும், பர்ஜீல் எனப்படும் பழைய காற்றுக்கோபுரத்தின் புதிய வடிவம் 45 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. விடுதிச் சுவர்களில் மணல் நிறத்துக் கான்கிரீட்டில் மஷ்ரபியா, அதாவது பழைய அரபு வீடுகளின் துளைகள் நிறைந்த சாளரத்திரை. ஆய்வகச் சுவர்களுக்கு வெளியே காற்றடைத்த மெல்லிய பிளாஸ்டிக் மெத்தைகள். கனமான கற்சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையில் தெருவில் நடப்பவர்மேல் வீசும். வெப்பத்தைச் சேர்த்து வைக்காத அந்த மெத்தை அப்படிச் செய்வதில்லை. குறுகிய தெருவில் சுவரின் வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். பாலை என்றாலே வறண்ட காற்று என்று நினைத்துக்கொண்டு, ஓரிடத்தில் வெற்றி பெற்ற முறையை வேறோர் இடத்துக்கு அப்படியே தூக்கி வருகிறோம். உள்நாட்டுப் பாலையில் 40 பாகை செல்சியஸ் வெப்பமும் 10 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மே மாதப் பிற்பகலை எடுத்துக்கொள்வோம். நனைந்த வைக்கோல் திரை வழியாகவோ ஏர்கூலர் வழியாகவோ அந்தக் காற்றைச் செலுத்தினால், அது ஏறத்தாழ 23 பாகைக்கு இறங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்த வழியில்தான். மஷ்ரபியா என்ற சொல்லே குடிப்பதைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்ததென்றும், அந்த மரச்சாளரத்தில்தான் தண்ணீர்க் குடுவைகளைக் குளிர வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் பாரசீக வளைகுடாக் கரையில் அதே 40 பாகையோடு காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 30 பாகையாக இருக்கும் நாள்கள் உண்டு. அன்றைக்கு அதே ஏர்கூலர் காற்றை 33, 34 பாகைக்குத்தான் இறக்கும். கூடவே அறை முழுவதும் புழுக்கமாகிவிடும். 2003-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று சவுதியின் தஹ்ரானில் பனிநிலை 35 பாகையாகப் பதிவானது. அதுவும் ஒரு பல்கலைக்கழக நகரம்தான். இரவில் சன்னலைத் திறந்து சுவரைக் குளிரவைக்கும் முறையும் டூசானில் பலன் தரும். தஹ்ரானின் கோடை இரவில் அது ஈரத்தை உள்ளே அழைத்து வரும். காற்றுக்கோபுரமும் இதற்கு விலக்கன்று. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் முற்றத்துக்கு அது பெரும் உதவி. ஆகஸ்டில் வகுப்பறைக்கு அதை நம்பக் கூடாது.

பல்கலைக்கழகக் கட்டடத்தில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது ஆய்வகம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வகுப்பறையில் குளிர்ந்த காற்றின் பெரும்பகுதியைத் திரும்பச் சுழற்றலாம். வேதியியல் ஆய்வகத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஆவிகள் கலந்த காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிட்டு, புதிய வெளிக்காற்றைக் கொண்டுவர வேண்டும். ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று 6 முதல் 12 முறை வரை மாற வேண்டும் என்று வடிவமைக்கிறோம். 45 பாகையில் நிற்கும் வெளிக்காற்றைக் குளிரவைத்து, ஈரம் பிழிந்து உள்ளே அனுப்பி, சில நிமிடங்களில் அந்தக் குளிர்ச்சியைப் புகைபோக்கி வழியே வெளியே விட்டுவிடுகிறோம்.

இந்த இடத்தில் எனக்கு ஆசானாக இருப்பது ஒட்டகத்தின் மூக்கு. அதன் உள்ளே ஈரமான மெல்லிய சவ்வு சுருள் சுருளாகப் பெரும் பரப்பில் விரிந்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது வறண்ட காற்று அந்தச் சவ்விலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்வதால் சவ்வு குளிர்கிறது. மூச்சை விடும்போது நுரையீரலிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சவ்வின்மேல் பட்டு, கொண்டு வந்த நீரில் பெரும்பங்கை அங்கேயே விட்டுச் செல்கிறது. வெளியேறும் காற்றிடமிருந்து வெளியேறக் கூடாததை வாங்கி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கட்டடத்தில் இதே வேலையைச் செய்வது மெல்ல உருளும் ஒரு பெரிய சக்கரம். தேன்கூடு போன்ற நுண்துளைகளும் ஈரம் உறிஞ்சும் பூச்சும் கொண்ட அந்தச் சக்கரத்தின் ஒரு பாதி வழியாகக் குளிர்ந்த பழைய காற்று வெளியேறும். மறுபாதி வழியாகச் சூடான புதுக்காற்று நுழையும். நல்ல சக்கரம், வெளியே போகவிருந்த குளிர்ச்சியிலும் வறட்சியிலும் ஏறத்தாழ முக்கால் பங்கைப் புதுக்காற்றுக்குக் கைமாற்றிவிடும். நச்சு ஆவிகளைக் கையாளும் ஆய்வகங்களில் மட்டும் இதைப் பொருத்தத் தயங்குகிறோம். சக்கரம் சுழலும்போது பழைய காற்று சிறிதளவு புதுக்காற்றோடு கலக்க வாய்ப்புண்டு. அங்கே இரண்டு காற்றுக் குழாய்களிலும் தனித்தனிச் சுருள்களை வைத்து, இடையில் நீரைச் சுற்றவிடுகிறோம். பலன் குறைவு, ஆபத்து இல்லை. ஆய்வு மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆவிகளை இழுத்து வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுகளான ஃபியூம் ஹூடுகளில், காற்றோட்டம் தேவைக்கேற்ப மாறும் நவீன வகைகளில், வேலை முடிந்ததும் முன்புறக் கண்ணாடிக் கதவை இறக்கி வைத்தால், அது இழுக்கும் காற்றின் அளவு பெரிதும் குறையும். ஒரு துறையின் கோடைக்கால மின்கட்டணத்தில் இந்தச் சிறிய பழக்கத்தின் பங்கு தெளிவாகத் தெரியும்.

ஈரம் வளைகுடாவின் சுமை என்றேன். அதுவே அங்கே நீரும் ஆகிறது. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலையில் வாழும் ஒரு வண்டு, கடலிலிருந்து மூடுபனி வீசும் விடியலில், மணல்மேட்டின் முகட்டில் தலைகீழாகச் சாய்ந்து நிற்கும். பனித்துளிகள் முதுகில் சேர்ந்து, வழிந்து, வாய்க்குப் போகும். நம் ஏசியின் குளிர்ச்சுருளும் அந்த முதுகைப்போன்றதுதான். ஆகஸ்டில் அதிலிருந்து சொட்டும் நீர் சிறிதன்று. துபாயின் புர்ஜ் கலீஃபாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி கேலன் இப்படிச் சேகரிக்கப்படுவதாகச் சொல்லப்படுகிறது. செலவு செய்து கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நாட்டில், உப்பற்ற அந்த நீரைச் சாக்கடையில் விடுவது எனக்கு மனம் பொறுக்காத செயல். தனிக்குழாயில் சேர்த்து, கிருமி நீக்கி, தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் கழுவுவதற்கும் தரலாம். கட்டி முடித்த பிறகு இந்தக் குழாயைச் சேர்ப்பது பெரும்பாடு. முதல் வரைபடத்திலேயே அது இருக்க வேண்டும்.

இறுதியாக, நானும் பொறுப்பேற்க வேண்டிய ஒரு பிழை. ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே உலோக மஷ்ரபியா அமைத்தோம். கண்ணாடிக்கும் அதற்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் அகலம் வரைபடத்தில் இருந்தது. செலவைக் குறைக்கும் கட்டத்தில் அந்த இடைவெளி ஒரு சாணாகச் சுருங்கியது. திரையின் நிறமும் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று அடர்பழுப்பாக மாறியது. நாங்கள் கையெழுத்திட்டோம். ஒப்படைத்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மாலை நான்கு மணியளவில் அங்கே போனேன். நுண்மணலும் அதிகாலை ஈரமும் குழைந்து, திரையின் துளைகள் பாதிக்குமேல் அடைபட்டுக் கிடந்தன. இடைவெளிக்குள் யாரும் நுழைய முடியாததால் கண்ணாடி ஒருமுறைகூடக் கழுவப்படவில்லை. உள்ளே இருட்டு; பகல் முழுவதும் விளக்குகள் எரிந்தன. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். நெடுநேரம் வைத்திருக்க முடியவில்லை. வெயிலைத் தடுக்க நிறுத்திய திரை, தானே சூடேறி அந்த வெப்பத்தைக் கண்ணாடிமேல் வீசிக்கொண்டிருந்தது.

வளாகத்தின் பராமரிப்புக் குழுவோடு அமர்ந்து பேசி, நான்கு பலகைகளுக்கு ஒன்றைக் கழற்றி, கதவைப்போலத் திறக்கும்படி கீல் வைத்தோம். திரைக்கு வெளிர்மணல் நிறம் பூசினோம். கூரையில் வீணாகிக்கொண்டிருந்த ஏசி நீரை ஒரு தொட்டியில் பிடித்துச் சுத்தப்படுத்தி, கழுவுவதற்கு மேற்குச் சுவர்வரை குழாய் இழுத்தோம். உப்பில்லாத நீர் என்பதால் கண்ணாடியில் கறை படிவதில்லை. அடுத்த குளிர்காலத்தில் போனபோது சுவரோரத்து மேசை வரிசையில் விளக்குகள் அணைந்திருந்தன. இரண்டு கீல்கள் மட்டும் மணல் புகுந்து இறுகியிருந்ததால், ஆண்டுக்கு இருமுறை எல்லாக் கீல்களையும் துடைத்து எண்ணெயிட வேண்டும் என்பதைப் பராமரிப்பு அட்டவணையில் எழுதிச் சேர்த்துவிட்டு வந்தேன்.