பரோட்டா மாவு விரிகிறது, பீட்சா மாவு ஏன் சுருங்குகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பரோட்டாக் கடையில் மாஸ்டர் ஒரு வீசு வீசினால் மாவு கல்லு முழுக்க விரிகிறது. அதே மைதாவில் நான் பீட்சாவுக்குப் பிசைந்தால், தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்கிறது. இதற்கென்று தனி மாவு வாங்க வேண்டுமா?”

வேண்டாம். மளிகைக் கடை மைதாவே போதும். மாவு ஊறுகிற நேரம்தான் பத்தவில்லை.

ஈஸ்ட் சமாச்சாரம் பள்ளியில் படித்ததுதான். மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளிவிடும். ஆனால் அந்த வாயு ஓடிவிடாமல் பிடித்துவைப்பது யார்? இட்லி மாவில் அந்த வேலையை உளுந்து பார்க்கிறது. மைதாவில் குளூட்டன்.

மைதாவில் சுமார் பத்து சதவீதம் புரதம். அதில் பெரும்பங்கு குளூட்டெனின், கிளையாடின் என்ற இரண்டு. காய்ந்த மாவில் இவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டு, கையும் பட்டால்தான் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற வலையாகும். குளூட்டெனின் என்பது நீளமான சங்கிலி; கந்தக அணுக்கள் வழியாகப் பக்கத்துச் சங்கிலியோடு கைகோத்துக்கொள்ளும். இழுத்தால் திரும்பி வருகிற குணம் இதனுடையது. கிளையாடின் சிறிய உருண்டை. சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்க விடும். மாவு நீளுவது இதனால்.

நம்பிக்கை வரவில்லையென்றால் எலுமிச்சை அளவு மாவைப் பிசைந்து, அரை மணி ஊறவைத்து, ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் பிடித்து மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பாலாக வெளுக்கும், அது மாவுச்சத்து. நாலைந்து தடவை தண்ணீரை மாற்றிய பின் கையில் மிஞ்சுவது பழுப்பேறிய, சவ்வு சவ்வான ஒரு கட்டி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இத்தாலியில் பொலோனியா நகரத்து அறிஞர் பெக்காரி 1728-லேயே இப்படிக் கழுவித்தான் குளூட்டனைப் பிரித்துக் காட்டினார்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருவோம். பிசைந்து முடித்த உடனே சங்கிலிகள் எல்லாம் இழுபட்டு விறைப்பாக நிற்கும். அந்த நேரத்தில் பூரிக்கட்டையை எடுத்தால் மாவு முரண்டுபிடிக்காமல் என்ன செய்யும்? மூடி வைத்துவிட்டால், சங்கிலிகளுக்கிடையே உள்ள பலவீனமான பிணைப்புகள் விட்டுப்போய், வேறு இடத்தில் மறுபடி ஒட்டும். வலை அப்படியே இருக்கும், விறைப்பு மட்டும் இறங்கிவிடும். பரோட்டா மாஸ்டர் பிசைந்த மாவை ஊறவைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மறுபடி ஊறவைப்பதும் இதற்குத்தான். நாம் வேடிக்கை பார்ப்பது வீசுவதை. பாதி வேலை அதற்கு முன்பே அந்தத் துணிக்கு அடியில் முடிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஈஸ்ட் புதிதாக ஒரு குமிழைக்கூட உண்டாக்குவதில்லை. அது விடும் வாயு முதலில் மாவிலுள்ள நீரில் கரைகிறது. பிறகு, பிசையும்போது சிக்கிய கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்களுக்குள் போய்ச் சேருகிறது. குமிழ் ஊத ஊத, சுற்றியுள்ள குளூட்டன் மெல்ல இழுபடுகிறது. அதாவது, நாம் தூங்கும்போது குமிழ்களே மாவைப் பிசைகின்றன! கை வலிக்கப் பிசைவதும் மிஷின் வாங்குவதும் தேவையே இல்லை.

அளவு: 250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட். சேரும்வரை கிளறி, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். சித்திரை வெயிலில் மதுரையில் வெளியே விட்டால் விடிவதற்குள் புளித்து, குளூட்டன் தளர்ந்து கொழகொழத்துவிடும்.

மைதா என்றதும் “அதில் அலாக்சன் இருக்கிறது, சர்க்கரை நோய் வரும்” என்று வாட்ஸ்அப் செய்தி ஒன்று கிளம்பும். ஆய்வகத்தில் எலிகளுக்கு அலாக்சன் என்ற ரசாயனத்தை நிறைய ஊசியில் ஏற்றி நோய் வரவைப்பது உண்மை. அதை வைத்து நம் பரோட்டாவைக் குற்றம் சாட்டுவது அறிவியல் அல்ல, புரளி. நார்ச்சத்து குறைந்ததைத் தினமும் தின்னாதே என்று சொல்ல உண்மையான காரணமே போதுமே.

ஓவன் இல்லையா? கனமான இரும்புத் தோசைக்கல்லைப் பத்து நிமிடம் காயவிடுங்கள். மாவைக் கையாலேயே விரித்துப் போட்டு, அடியில் புள்ளி விழுந்ததும் திருப்பி, தீயைக் குறையுங்கள். வெந்த பக்கத்தில் வதக்கிய நாட்டுத் தக்காளி, சின்ன வெங்காயம், சீஸ். மூடியை ஒரு ஓரம் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் ஆவி சொட்டி மேல்பக்கம் நசநசவென்று ஆகிவிடும். செலவில் கை கடிப்பது சீஸ்தான். மலிவாக இருக்கட்டும் என்று பனீர் மட்டும் போட்டால் உருகாது: பாலில் எலுமிச்சை பிழியும்போதே புரதத்திலிருந்த கால்சியம் கழன்றுவிடுகிறது, அப்புறம் சூட்டில் அது இறுகத்தான் செய்யும். பாதி மொசரெல்லா, பாதி உதிர்த்த பனீர் என்றால் பர்ஸுக்கும் நல்லது, நூலும் வரும்.