கர்த்தர்: ஒரு பெயரின் இடத்தில் நிற்கும் சொல்

‘கர்த்தர்’ என்றால் ‘செய்பவர்’, ஆகவே ‘படைத்தவர்’ என்று பிரசங்கங்களில் அடிக்கடி விளக்கம் சொல்லப்படுகிறது. சொல்லின் வேரை மட்டும் பார்த்தால் அது சரிதான். வேதாகமத்தில் அந்தச் சொல் நிற்கும் இடத்தைப் பார்த்தால் பொருந்தாது.

வேர் வடமொழியில் செய்தலைக் குறிக்கும் ‘க்ரு’. தமிழில் அது கர்த்தா, கர்த்தன் என்று வரும். இலக்கணத்தில் இதற்கு நேரான தமிழ் வினைமுதல். நூலை இயற்றியவர் நூற்கர்த்தா. நாளடைவில் தலைவன், அதிகாரம் உடையவன் என்ற பொருளும் இதில் ஏறிக்கொண்டது. மதுரை நாயக்க மன்னர்களுக்கே கர்த்தாக்கள் என்ற பெயர் வழங்கியிருக்கிறது. வேதாகமத்தில் பொருந்துவது இந்த இரண்டாம் பொருள்தான். விளிக்கும்போது மட்டும் ‘கர்த்தாவே’ என்று பழைய வடிவம் தலைகாட்டும்.

எபிரெய மூலத்தில் கடவுளின் தனிப்பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. பழைய ஏற்பாட்டில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிப்பதை விட்டுவிட்டு, அந்த இடம் வந்தால் ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பு ‘குரியோஸ்’ என்றும், லத்தீன் ‘தோமினுஸ்’ என்றும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தன. நம் ‘கர்த்தர்’ அந்த வரிசையில் வருகிறது. ஆகவே அது அந்தப் பெயரின் மொழிபெயர்ப்பு அல்ல, பெயரைச் சொல்லாமல் வைத்த மாற்றுச்சொல்.

‘யெகோவா’வும் இதே வழக்கத்திலிருந்து பிறந்ததுதான். எபிரெயப் பிரதிகளில் உயிர்க்குறிகளை இட்டவர்கள், ‘அதோனாய் என்று படி’ என நினைவூட்ட, அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை நான்கு மெய்களின்மேல் இட்டார்கள். பின்னாளில் இரண்டையும் சேர்த்துப் படித்ததால் வந்த வடிவம் இது. மூல உச்சரிப்பு ‘யாவே’ என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பெயரின் சுருக்கமான ‘யா’ நம் வாயில் இன்றும் இருக்கிறது: அல்லேலூயா என்பது ‘யாவைத் துதியுங்கள்’.

அப்படியானால் பெயரின் பொருள் என்ன? யாத்திராகமம் 3:14இல் மோசேக்குக் கிடைத்த பதில், “இருக்கிறவராக இருக்கிறேன்.” எபிரெயத்தில் அங்கே நிற்கும் ‘எஹ்யே’ என்ற வினையை ‘இருப்பேன்’ என்றும் பெயர்க்கலாம். இரண்டு வசனம் முன்னால், 3:12இல், “நான் உன்னோடே இருப்பேன்” என்று வருவதும் அதே வினைதான். இதைக் கவனித்தால் பெயர் விரிகிறது. எதையும் சாராமல் தாமாகவே இருப்பவர் என்று இறையியல் சொல்லும் தன்மையும், தம் மக்களோடு கூட இருப்பவர் என்ற வாக்குறுதியும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் கடவுள் ஒரு தத்துவமாகச் சுருங்கிவிடுவார்.

34:6இல் அந்தப் பெயர் அடுத்தடுத்து இருமுறை வருகிறது: “கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.” இங்கே ‘படைத்தவர், படைத்தவர்’ என்று வைத்துப் பாருங்கள், வசனம் குலைந்துவிடும். தம் பெயரைச் சொல்லி, அந்தப் பெயருக்குரிய குணத்தை அவரே அறிவிக்கும் இடம் இது.

சரியான தமிழ்ச் சொல் ஆண்டவர். ஆள் என்ற வேரிலிருந்து வந்தது. ஆட்கொண்டவர் என்ற நெருக்கமும் அதில் உண்டு. அதோனாய்க்கும் குரியோஸுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை என்பேன். ஆனால் ‘கர்த்தர்’ வரும் இடமெல்லாம் ‘ஆண்டவர்’ என்று மாற்றினால் ஒரு சிக்கல் வரும். சங்கீதம் 110:1 அதைக் காட்டிக்கொடுக்கும். 1871இன் ஐக்கியத் திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி” என்று இருக்கிறது. மூலத்தில் முதலாவது நான்கெழுத்துப் பெயர், இரண்டாவது ‘என் தலைவர்’ என்ற சாதாரணச் சொல். அப்படியே மாற்றினால் “ஆண்டவர் என் ஆண்டவரை நோக்கி” என்று ஆகி, யார் யாரிடம் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகும். 1995இன் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு “ஆண்டவர் என் தலைவரிடம்” என்று இதைத் தீர்த்தது. எசேக்கியேலில் வரும் ‘கர்த்தராகிய ஆண்டவர்’ அங்கே ‘தலைவராகிய ஆண்டவர்’ ஆனதற்கும் காரணம் இதுதான். ஆண்டவரைத் தனிப்பெயரின் இடத்தில் வைப்பவர் தலைவரை மற்றதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.

‘கடவுள்’, ‘தேவன்’ இரண்டும் ‘ஏலோகிம்’ என்ற பொதுப்பெயருக்கு உரியவை. அவற்றையும் நான்கெழுத்துப் பெயரின் இடத்தில் போடக் கூடாது.

புதிய ஏற்பாட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ‘குரியோஸ்’ என்பது எஜமானரையும் குறிக்கும், பழைய ஏற்பாட்டின் பெயரையும் குறிக்கும். யோவேல் 2:32 “கர்த்தருடைய நாமத்தைத்” தொழுதுகொள்பவன் இரட்சிக்கப்படுவான் என்கிறது. மூலத்தில் அங்கே நான்கெழுத்துப் பெயர் நிற்கிறது. ரோமர் 10:13இல் பவுல் அதே வரியை எடுத்து, 10:9இல் ‘கர்த்தராகிய இயேசு’ என்று அறிக்கையிடச் சொன்னதற்கு ஆதாரமாக வைக்கிறார். யோவேலில் ஒரு சொல்லும் ரோமரில் வேறொரு சொல்லும் போட்டால் அந்த ஆதாரம் தமிழ் வாசகர் கண்ணில் படாது. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், இந்த இரண்டு இடங்களிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும்.