ரசத்து ஈயம் வேறு, ரோமாபுரி ஈயம் வேறு

லத்தீனிலிருந்து தமிழுக்கு வரும் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. இதே தவற்றோடு வந்த மூன்றாவது பிரதி இப்போது மேசையில் கிடக்கிறது: 'திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் கொதிக்க வைக்கவும்.' பக்கத்திலேயே, 'நம் பாட்டியின் ரசச் சொம்பு போல!' என்று ஆச்சரியக்குறியோடு ஒரு குதூகலம் வேறு.

குறிப்பு, முதல் நூற்றாண்டு ரோமானியரான கொலுமெல்லாவுடையது. வெண்கலம் களிம்பு விட்டு ருசியைக் கெடுக்கும், ஆகவே 'பிளம்பும்' பாத்திரமே மேல் என்கிறார்.

எத்தனை முறை சொல்வது? பிளம்பும் என்ற ஒரே பெயரில் ரோமானியர்கள் இரண்டு உலோகங்களை அழைத்தார்கள். கறுப்பு பிளம்பும் ஒன்று, வெள்ளை பிளம்பும் ஒன்று. நாமும் அப்படியேதான் காரீயம், வெள்ளீயம் என்கிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். கொலுமெல்லாவின் பாத்திரம் காரீயம்; பேட்டரிக்குள் இருக்கிறதே, அது. லத்தீனில் அடைமொழி இல்லாமல் வந்தால் பெரும்பாலும் காரீயம்தான். தமிழில் வெறுமனே 'ஈயம்' என்று எழுதினால், சமையல் புத்தகம் படிப்பவர் கண்முன் வருவதோ ரசச் சொம்பு. காரீயத்தில் புளிப்பைக் காய்ச்சினால் காரீயம் சாற்றில் கரைந்து நஞ்சாகும். அந்த நஞ்சு இனிக்கும் என்பதுதான் கொடுமை.

'கொதிக்க வைக்கவும்' என்பதோடும் எனக்கு வழக்கு உண்டு. மூலத்தில் இருப்பது சுண்டக் காய்ச்சும் வேலை. அதே நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கில், சாறு பாதியாகச் சுண்டினால் அதற்குப் பெயர் 'தெஃப்ருதும்', மூன்றில் ஒரு பங்கானால் 'சாபா'. சுண்டக் காய்ச்சுவதற்கான 'தெகொக்வேரே' என்ற வினையிலிருந்தே, சொத்தைக் கரைத்துத் திவாலானவனுக்கும் 'தெகொக்தோர்' என்று பெயர் வந்தது. நம் காபி டிகாஷனும் அந்த வம்சம்தான், நாம் அதைச் சுண்டவிடுவதில்லை என்றாலும். அவிக்க, வேகவைக்க, காய்ச்ச, சுண்டவைக்க என்று தமிழில் இத்தனை சொற்கள் இருந்தும், ஆங்கிலம் வழியாக வந்து எல்லாவற்றையும் கொதிக்க வைத்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்களே, 'காரீயம்' என்று முழுதாக எழுதுங்கள். அடியில் 'இந்தப் பாத்திரம் வேண்டாம்' என்று ஒரு வரி சேருங்கள். ரோமானியச் சமையல் குறிப்புகளில் வரும் 'லிக்வாமென்' தண்ணீர் அல்ல, உப்பு மிகுந்த மீன் சாறு. அகராதியைத் திறந்தால் கை தேய்ந்துவிடாது. செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் போதும். பழைய பாத்திரக் கடையில் வாங்கிய, எந்த ஈயம் என்றே தெரியாத சொம்பு வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதில் புளிக்கரைசலை ஊற்றாதீர்கள்.