₹ாய் ஆன ரூபாய்: ரீப்ளேஸ் ஆல் அமுக்குறவங்க கவனத்துக்கு

நேத்து ராத்திரி பத்தரைக்கு ஒரு எழுத்தாளர் போன் பண்றாரு. "தம்பி, புக் ஃபைல் முழுக்க வட்டம் வட்டமா வருது, ஃபான்ட் கெட்டுப்போச்சு போல, வேற அனுப்புங்க." இந்த மாசத்துல இது மூணாவது ஆள். புக் லேஅவுட் பண்றதுதான் எனக்குத் தொழில், தலைல அடிச்சு சத்தியம் பண்றேன், ஃபான்ட் அப்படியெல்லாம் கெட்டுப்போகாதுங்க. ஃபைலைத் தொறந்தா "ஐநூறு ₹ாய்"னு இருக்கு. அடுத்த பக்கத்துல சாமி சொரூபம் "சொ₹ம்" ஆயிருக்கு. கதாநாயகன் கோவிச்சுக்கிட்டு "₹ுக்கு" போய் கதவைச் சாத்திக்கிறான்.

நடந்தது இதுதான். வி எஸ் கோட்ங்கிற எடிட்டர்ல "ரூ." தேடி ₹ போட்டு ரீப்ளேஸ் ஆல் அமுக்கியிருக்காரு. பெட்டி ஓரத்துல புள்ளியும் நட்சத்திரமுமா ஒரு ஐகான் இருக்குமே, ரெஜெக்ஸ், அதாவது குறியீடு போட்டுத் தேடுற முறை, அது முன்னாடி எதுக்கோ தட்டினது, ஆன்லயே கிடந்திருக்கு.

"புள்ளின்னா புள்ளிதானே தம்பி?" இல்ல சார், ரெஜெக்ஸ்ல புள்ளின்னா ஏதோ ஒண்ணு, எதுவா வேணா இருக்கலாம். சரி, ஏதோ ஒரு எழுத்துன்னு வச்சுக்கலாமான்னு கேட்டா அதுவும் இல்ல, இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க, பல வருஷம் புரோகிராம் எழுதுற பசங்க கூட. நமக்கு ரூபாய்ங்கிறது ரூ, பா, ய்னு மூணு எழுத்து. மெஷினுக்கு அது ஆறு: ர, ஒரு ஊகாரக் குறி, ப, ஒரு கால், ய, ஒரு புள்ளி. தேடினது ரூவும் கூட ஏதோ ஒண்ணும், அந்த ஒண்ணா ப மட்டும் போச்சு, "பா" போகல, கால் மட்டும் அநாதையா நிக்குது. அது சாய எழுத்து இல்லாததாலதான் அந்தப் புள்ளிபுள்ளியான வட்டம். இதுல ஃபான்ட் என்னங்க பாவம் பண்ணுச்சு? ரூ\. அப்படின்னு புள்ளிக்கு முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போட்டிருந்தா முடிஞ்சது. இல்ல அந்த ஐகானை ஆஃப் பண்ணியிருந்தா அதுவும் வேண்டாம்.

அதோட விட்டாரா. அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதை எல்லாம் தூக்க \(.*\) போட்டிருக்காரு. அது பேராசை புடிச்சது, ஒரு வரியில முதல் அடைப்புல ஆரம்பிச்சு கடைசி அடைப்பு வரைக்கும் வாரிக்கிட்டுப் போகும். நாவல் ஃபைல்ல ஒரு பாரா முழுக்க எடிட்டருக்கு ஒரே வரி, ஞாபகம் வச்சுக்குங்க. நட்சத்திரத்துக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி, \(.*?\), போட்டா அடுத்த அடைப்போட நிக்கும்.

இன்னொருத்தரு "கரி"யை "கறி" ஆக்கப்போயி கரிகாலனை கறிகாலன் ஆக்கினாரு. தனிச் சொல்லா மட்டும் மாத்தலாம்னு பேக்ஸ்லாஷ் பி (\b, ரெஜெக்ஸ்ல சொல்லோட எல்லை) போட்டா ஒண்ணு கூட சிக்கலையாம், எடிட்டர்லதான் தப்பாம். வி எஸ் கோட்ல அந்த பேக்ஸ்லாஷ் பி-க்கு சொல்லுன்னா இங்கிலீஷ் எழுத்து, நம்பர், அடிக்கோடு, அவ்ளோதான், தமிழ் அதுக்கு வெறும் குறிதான். சிக்கினாலும் கரியை, கரியோட, கரியிலன்னு நம்ம சொல்லுக்கு எங்க முடிவு? அடுப்புக்கரி வேற இருக்கு. இதையெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணால பார்த்துதான் மாத்தணும், சோம்பேறித்தனம் படாதீங்க.

முதல்ல ஃபைலை ஒரு காப்பி எடுங்க. அப்புறம் வெறும் ஃபைண்ட் மட்டும், எத்தனை இடம்னு நம்பரைப் பாருங்க, நாப்பது எதிர்பார்த்து நானூறு வந்தா கையை எடுங்க. நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரா இருந்தா சர்ச் மோட் நார்மல்ல இருக்கான்னு பாருங்க. மாத்தினதும் சேவ் பண்ணி மூடிடாதீங்க, மூடிட்டா அன்டூ போயிடலாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

நான் லேஅவுட்டுக்கு முன்னாடி எல்லா ஃபைல்லயும் ரெஜெக்ஸ் ஆன் பண்ணி [^க-ஹ][ா-்] தேடுவேன். பார்க்க அசிங்கமாதான் தெரியும், அப்படியே காப்பி பண்ணிக்குங்க. மெய் இல்லாம நிக்கிற அநாதைக் குறி, வரியோட முதல்ல நிக்கிறது தவிர, மாட்டும், "கொ"வை கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சு வச்சிருந்தா அதுவும் சேர்ந்து மாட்டும், பழைய ஃபான்ட்ல இருந்து கன்வெர்ட் பண்ண ஃபைல்ல இது ஏகப்பட்டது.

நேத்து வந்த ஃபைல்ல ₹ாய் எல்லாம் அரை மணி நேரத்துல ரூபாய் ஆயிடுச்சு. அடைப்போட போன பத்திகள்தான் எங்கயும் இல்ல. கடைசில அவரு மச்சானுக்குப் படிக்கச் சொல்லி வாட்ஸாப்ல அனுப்பின பழைய காப்பி கிடைச்சுது, மச்சான் அதைத் தொறந்துகூடப் பார்க்கலையாம்.